பொருளும் பண்பும்: தமிழில் வேதியியல் அடிப்படைக் கருத்துகளின் சொல் வரலாறு

முன்னுரை

தமிழில் 'பொருள்' என்னும் சொல் ஏற்றிருக்கும் சுமை பெரிது. சொல்லின் கருத்தும் பொருள். ஈட்டப்படும் செல்வமும் பொருள். அறத்திற்கும் இன்பத்திற்கும் இடையில் வைத்து எண்ணப்படும் உறுதியும் பொருள். கண்ணாற் காணப்படுவதும் கையால் தீண்டப்படுவதும் பொருள். இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்டதே இக்கட்டுரைக்கு உரியது. இடத்தை அடைத்துக்கொள்வதும் பொருண்மை உடையதுமாகிய ஒன்றைப் 'பருப்பொருள்' என்று இன்று நாம் ஆரம்பப்பள்ளியிலேயே கற்பிக்கின்றோம். அது திடம், திரவம், வாயு என்னும் மூன்று நிலைகளில் அமையும் என்றும், உருகுதல், உறைதல், ஆவியாதல் முதலிய மாற்றங்களை அடையும் என்றும் விளக்குகின்றோம். இவ்வெளிய பாடத்தில் பயிலும் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் ஒரு நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிவியல் ஆசிரியர் மொழித்துறைக்கு உரியதென்று விட்டுவிடுவதும், மொழியாசிரியர் அறிவியல் துறைக்கு உரியதென்று விட்டுவிடுவதும் வழக்கமாகிவிட்டன.

பொருள், அதன் பண்பு ஆகியன பற்றிய கருத்துகள் பழந்தமிழ் நூல்களில் எவ்வாறு அமைந்துள்ளன, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வேதியியல் தமிழுக்கு வந்தபொழுது அவற்றிற்கு நேர்ந்தது யாது, இருபதாம் நூற்றாண்டில் தமிழகம், இலங்கை, மலேசியா ஆகிய மூன்று நிலங்களில் கலைச்சொற்கள் எவ்வாறு பிரிந்தன என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. நம் நோக்கம் பழம்பெருமை பேசுவதன்று. பழையதைப் புறந்தள்ளுவதும் அன்று. வகுப்பறையில் மாணவன் கேட்கும் சொல் அவனுக்குத் தெளிவைத் தருகிறதா, மயக்கத்தைத் தருகிறதா என்னும் வினாவே நம்மை இவ்வாய்விற்கு ஆற்றுப்படுத்தியது.

இலக்கணமும் தருக்கமும் காட்டும் பொருள்

நன்னூலார் பெயர்ச்சொற்களைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என ஆறாகப் பகுத்தமையைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். இப்பகுப்பில் பொருளும் குணமும் தொழிலும் தனித்தனியே நிற்பது கருதத்தக்கது. 'நீர்' என்பது பொருட்பெயர். 'தண்மை' என்பது பண்புப்பெயர். 'உறைதல்' என்பது தொழிற்பெயர். நீரின் பண்பு தண்மை. நீர் அடையும் மாற்றம் உறைதல். வேதியியலின் முதற்பாடம் கூறுவதும் இதுவே: பொருள் வேறு, பொருளின் பண்பு வேறு, பொருள் அடையும் மாற்றம் வேறு. இம்மூன்றையும் பிரித்தறியத் தெரிந்த மாணவனுக்கு அறிவியலுக்குள் புகும் வாயில் இலக்கண வகுப்பிலேயே திறக்கப்பட்டுவிடுகிறது எனலாம்.

பண்புகளை எண்ணுமிடத்து நன்னூல் வடிவம், நிறம், நாற்றம், சுவை, ஊறு ஆகியவற்றைக் கூறி, ஊற்றினை எட்டாக விரிக்கிறது. அவ்வெட்டும் இணை இணையாக அமைந்தவை: தட்பமும் வெப்பமும் ஓர் இணை, மென்மையும் வன்மையும் ஓர் இணை, வழவழப்பும் சருச்சரையும் ஓர் இணை, நொய்மையும் திண்மையும் ஓர் இணை. இங்கு நொய்மை என்பது இலேசான தன்மை. அதற்கு மறுதலையாக வருதலின், திண்மை என்பது ஈண்டுக் கனத்தையே சுட்டுகிறது. இன்று 'திண்மம்' என்னும் சொல்லை நாம் நீர்மத்திற்கும் வளிமத்திற்கும் எதிராக, ஒரு நிலையின் பெயராக வழங்குகின்றோம். இலங்கைத் தமிழரோ அச்சொற்குடும்பத்தைச் சேர்ந்த 'திணிவு' என்பதனைப் பொருளின் அளவுக்கு உரியதாக்கினர். ஒரே வேரினின்று கிளைத்த சொற்கள் ஓரிடத்தில் நிலையையும் மற்றோரிடத்தில் அளவையும் குறித்தல் விபத்தன்று. கனமும் இறுக்கமும் பண்டு தனித்தனியே பிரிக்கப்படாதிருந்தமையின் விளைவு அது.

தருக்க நெறியில் இச்சிந்தனை மேலும் விரிவடைந்தது. மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதையில் பல சமயத்தாரும் தத்தம் கொள்கையை உரைக்கின்றனர். வைசேடிகன் உலகைப் பொருள், குணம், கருமம் முதலிய ஆறு கூறுகளாக வகுக்கிறான். நிலத்திற்கு ஒலி, ஊறு, நிறம், சுவை, நாற்றம் என்னும் ஐந்து குணங்களும் உள; ஏனைய பூதங்களுக்கு ஒவ்வொன்றாய்க் குறைந்து வரும். பொருளைக் குணத்தால் வகைப்படுத்தும் முறை இது. ஆசீவகனோ நிலம், நீர், தீ, காற்று என்னும் நால்வகை அணுக்களையும் உயிரையும் கூறுகிறான். அவ்வணுக்கள் தோற்றமும் அழிவும் இல்லாதவை; ஒன்று மற்றொன்றாகத் திரியாதவை; பிளவுபடாதவை. அவை கூடியும் பிரிந்தும் பொருள்களை ஆக்குகின்றன. நெருங்கிச் செறிந்தால் வயிரமாகின்றன. உள்துளை பட்டால் மூங்கிலாகின்றன. பொருளின் பண்பு அதன் நுண்கூறுகள் அமைந்திருக்கும் செறிவால் வேறுபடும் என்னும் இக்கருத்து வியப்பிற்குரியதே.

ஆயினும் இவ்விடத்தில் நாம் நிதானிக்க வேண்டியுள்ளது. 1808ஆம் ஆண்டில் தால்டன் முன்வைத்த அணுக்கொள்கையும் ஆசீவகரின் அணுக்கொள்கையும் ஒன்றென மேடைகளில் உரைப்பாரும், கட்டுரைகளில் வரைவாரும் உளர். ஆசீவகரின் அணு சிந்தனையால் பெறப்பட்டது. பிறப்பு, வினை, வீடு ஆகியவற்றை விளக்கும் சமயக் கொள்கையின் ஓர் உறுப்பு. தால்டனின் அணு தராசினால் பெறப்பட்டது; தனிமங்கள் எந்த எடை விகிதத்தில் கூடுகின்றன என்னும் அளவைகளை விளக்க எழுந்தது. முன்னது நால்வகை, பின்னது தனிமங்கள் எத்தனையோ அத்தனை வகை. இரண்டிற்கும் பெயர் ஒன்றாயிருத்தலின் கருத்தும் ஒன்றெனக் கொள்வது சொல்லை மட்டும் நோக்கி வரலாற்றைத் தவறவிடுவதாகும்.

பூதமும் தனிமமும்

இம்மயக்கம் பெரிதும் நிகழுமிடம் 'பூதம்' என்பதாகும். நிலம், நீர், தீ, வளி, விசும்பு என்னும் ஐந்தன் கலப்பே உலகம் எனத் தொல்காப்பிய மரபியல் குறிக்கும். இவ்வைந்தினையும் இன்றைய வேதியியலின் தனிமங்களோடு ஒப்பிட்டு விளக்கும் பழக்கம் சில வகுப்பறைகளில் உண்டு. இவ்வொப்பீடு மாணவனைத் தவறான வழியிற் செலுத்தும். ஐரோப்பாவிலும் நிலம், நீர், காற்று, தீ என்னும் நான்கு பூதக் கொள்கை ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைபெற்றிருந்தது. அதனை வீழ்த்தியவை பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்த சோதனைகளே. 1766இல் கேவண்டிசு எளிதில் தீப்பற்றும் ஒரு வளிமத்தைத் தனித்து ஆராய்ந்தார். 1774இல் பிரீசிட்லி, மெழுகுவத்தியை மிகுந்த ஒளியுடன் எரியச்செய்யும் மற்றொரு வளிமத்தைப் பெற்றார். 1783இல் இலவாய்சியர் இவ்விரண்டும் கூடினால் நீர் உண்டாகும் என விளக்கினார். நீர் பூதமாகிய தகுதியை அன்றே இழந்தது; அது ஒரு சேர்மம் ஆயிற்று. காற்றோ ஏறத்தாழ 78 விழுக்காடு நைதரசனும் 21 விழுக்காடு உயிர்வளியும் ஏனைய சிலவும் கலந்த கலவை எனப் பின்னர்த் தெளிவாயிற்று. தீ ஒரு பொருளே அன்று. அது வேதிமாற்றத்தின் விளைவாகத் தோன்றும் நிகழ்ச்சி.

1789இல் இலவாய்சியர் வெளியிட்ட வேதியியல் நூலில் 33 எளிய பொருள்களின் பட்டியல் ஒன்று உள்ளது. வேறெதுவாகவும் பிரிக்க இயலாததே தனிமம் என்னும் செயல்முறை விளக்கத்தை அப்பட்டியல் நிலைநாட்டியது. அதே பட்டியலில் ஒளியும் வெப்பமும் பொருள்களாக எண்ணப்பட்டமையும் கருதத்தக்கது. புதிய அறிவியலை நிறுவியவர்க்கும் எது பொருள், எது பொருளன்று என்னும் வினா எளிதாயிருக்கவில்லை. அவ்வாறாயின், வெளிச்சம் ஒரு பொருளா என்று நான்காம் ஆண்டு மாணவன் கேட்கும்பொழுது அவ்வினாவைச் சிறுபிள்ளைத்தனம் என ஒதுக்குவதற்கில்லை.

பூதக் கொள்கையை வகுப்பறையிலிருந்து முற்றாக விலக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. நிலம், நீர், வளி ஆகிய மூன்றையும் தனிமங்களுக்கு இணையாக வைப்பதினும், பருப்பொருளின் மூன்று நிலைகளுக்கு இணையாக வைப்பது பொருத்தமுடையது. நிலத்திற்குக் கடினத்தையும், நீருக்குத் தாழ்ந்தொழுகுதலையும், வளிக்கு அசைந்து இயங்குதலையும் பழைய நூல்கள் இயல்பாகக் கூறுகின்றன. அவை உருவம் மாறாமை, கொள்கலனின் வடிவம் ஏற்றல், எங்கும் பரவுதல் என இன்று நாம் கற்பிக்கும் நிலைப்பண்புகளுக்கு நெருங்கியவை. எனினும் இவ்விணைப்பிற்கும் எல்லை உண்டு. பாதரசம் உலோகம், ஆயினும் நம் வெப்பநிலையில் திரவம். ஏறத்தாழச் சுழிக்குக் கீழ் 39 பாகை செல்சியசில் அது உறைந்து திடமாகிறது. ஒரே பொருள் வெப்பத்திற்கேற்ப மூன்று நிலைகளிலும் நிற்கும் என்பதே புதிய கருத்து. பூதக் கொள்கையில் நிலை என்பது பொருளின் பிரிக்கவியலா இயல்பு. வேதியியலில் அது பொருளின் சூழலைப் பொறுத்தது. வேறுபாடு இங்குதான் உள்ளது. இதனைச் சுட்டிக்காட்டினாலன்றி ஒப்பீடு பயன்தராது.

சித்த மருத்துவம் விட்டுச்சென்ற சொற்கள்

தருக்க நூல்கள் கருத்தைத் தந்தனவென்றால் செய்முறைச் சொற்களைத் தந்தவர் சித்த மருத்துவரும் இரசவாதிகளும் ஆவர். 'இரசாயனம்' என்னும் சொல் பண்டு உடலை நோயின்றி நீடிக்கச்செய்யும் மருந்தையும் மருத்துவ முறையையும் குறித்தது. பின்னர் அது ஒரு துறையின் பெயராயிற்று. தாழ்ந்த உலோகத்தை உயர்ந்ததாக மாற்றும் செயலை இரசவாதிகள் 'வேதை' என்றனர். அவ்வாறு மாற்றுதல் 'வேதித்தல்' எனப்பட்டது. 'வேதியியல்' என்னும் இன்றைய பெயரை இதனோடு தொடர்புபடுத்தியே கொள்ளல் வேண்டும். 'வேதியர்' என்னும் சொல்லோடு இதனைப் பிணைத்து மாணவர் மயங்குவதுண்டு. அம்மயக்கத்தை ஆசிரியர் நீக்குதல் நன்று.

சித்த மருத்துவத்தில் 'பதங்கம்' என்பது சரக்குகளைச் சூடாக்கி, ஆவியாக எழுவதனை மேற்கலத்தில் படியவைத்து எடுக்கும் மருந்து. திடப்பொருள் திரவமாகாமல் நேரே ஆவியாவதனை இன்று 'பதங்கமாதல்' என்கின்றோம். கற்பூரத்தை எடுத்துக்காட்டி இப்பாடத்தை நடத்தும்பொழுது, அச்சொல் மருத்துவனின் அடுப்படியிலிருந்து வந்தது என்பதனைக் கூறினால் மாணவன் அதனை மறவான். தமிழகத்திலும் இலங்கையிலும் இச்சொல் மாற்றமின்றி நிலைத்திருப்பதற்குக் காரணமும் இதுவே எனக் கருதலாம். புதிதாய்ப் புனையப்பட்ட சொல் இடத்திற்கிடம் வேறுபட்டது. தொழிலோடு ஒட்டி வளர்ந்த சொல் எங்கும் ஒன்றாக நின்றது.

மானிப்பாயில் தொடங்கிய முயற்சி

ஐரோப்பிய வேதியியல் தமிழ் நூலாக உருப்பெற்ற வரலாற்றில் யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்குத் தனியிடம் உண்டு. அமெரிக்க மருத்துவ மிசனரியாகிய சாமுவேல் பிசுக்கு கிறீன் 1847ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தார். மானிப்பாயில் மருத்துவப் பணியோடு மருத்துவக் கல்வியையும் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில் நடைபெற்ற அக்கல்வி 1860களில் தமிழ்வழிக் கல்வியாக மாற்றப்பட்டது. அதன்பொருட்டு அவரும் அவர்தம் மாணவர்களும் உடற்கூறு, அறுவை மருத்துவம், மகப்பேறு, மருந்தியல் ஆகிய துறைகளின் நூல்களைத் தமிழாக்கினர். அவ்வரிசையில் 1875இல் வெளிவந்த வேதியியல் நூலே 'கெமிஸ்தம்'.

இந்நூலின் பெயரே நம் கவனத்தை ஈர்க்கிறது. கிறீன் குழுவினர் உடற்கூற்றியலுக்கு 'அங்காதிபாதம்' எனவும், அறுவை மருத்துவத்திற்கு 'இரண வைத்தியம்' எனவும் வழக்கிலுள்ள சொற்களைக்கொண்டு பெயரிட்டனர். வேதியியலுக்கு மட்டும் ஆங்கிலப் பெயரை எடுத்துத் தமிழ் ஈறு கொடுத்து வழங்கினர். இரசாயனம், இரசவாதம் என்னும் சொற்கள் அன்று தமிழில் இல்லாதவை அல்ல. அவற்றைக் கொண்டால் பொன்னாக்கும் வித்தையையும் காயகற்பத்தையும் படிப்பவர் நினைவிற் கொள்வர் என்னும் தயக்கம் இதற்குக் காரணமாயிருந்திருக்கலாம் எனக் கருத இடமுண்டு. உடலுறுப்புகள் எல்லார்க்கும் பொது. அவற்றைப் பற்றிய புதிய நூலுக்குப் பழைய சொல் பொருந்தும். பொருளின் இயல்பு பற்றிய கொள்கையோ அடியோடு மாறிவிட்டது. அதற்குப் பழைய பெயரைச் சூட்டினால் பழைய கொள்கையும் உடன்வரும். சொல்லைக் கடன்பெறுவதா, படைப்பதா, பழையதைப் புதுக்குவதா என்னும் மூவகை வழியும் ஒரே குழுவின் நூல்வரிசையில் ஒருங்கே காணப்படுவது இவ்வரலாற்றின் சிறப்பு.

1873இல் கிறீன் தாயகம் திரும்பினார். தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப்பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆங்கிலம் கற்றோர்க்கே அரசுப்பணி வாய்ப்பு மிகுதியாயிருந்த காலம் அது. தமிழ்வழிக் கல்வியை மாணவர் மனமுவந்து ஏற்றனர் எனக் கூறுவதற்கில்லை. நூல் இருந்தது, சொல் இருந்தது, கற்பிக்கத் தக்காரும் இருந்தனர். கற்றபின் செல்லும் வழி மட்டும் குறுகியிருந்தது. இப்பாடத்தை நம் நாட்டுச் சூழலில் மீண்டும் காண்போம்.

தமிழகத்தில் கலைச்சொல் இயக்கம்

தமிழகத்தில் இம்முயற்சி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைப்புவடிவம் பெற்றது. 1916இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் தமிழ்ச் சாத்திரியப் பரிபாடைச் சங்கத்தை நிறுவினர். 1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் இப்பணியை மேற்கொண்டு, அறிஞர்களைக் கூட்டி ஆராய்ந்து, 1938இல் பல துறைகளுக்குரிய 'கலைச்சொற்கள்' தொகுப்பை வெளியிட்டது. 1940இல் சீனிவாச சாத்திரியார் தலைமையில் அரசு அமைத்த குழு வடசொற்களுக்கும் ஆங்கிலச் சொற்களுக்கும் மிகுதியும் இடந்தந்தமையால் தமிழறிஞர்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. இராசாசியின் 'திண்ணை ரசாயனம்' கலைச்சொல்லின் தூய்மையைவிட விளக்கத்தின் எளிமையை முதன்மையாகக் கொண்டது. நூலின் பெயரே அதனைக் கூறும். பெ. நா. அப்புசாமி முதலியோரும் இவ்வழியில் அரும்பணி ஆற்றினர்.

இவ்விவாதங்களில் பெரிதும் பேசப்பட்டது சொல்லின் பிறப்பு: அது தமிழா, வடமொழியா, ஆங்கிலமா என்பது. குறைவாகப் பேசப்பட்டது சொல்லின் எல்லை: அது எதனை உள்ளடக்கும், எதனை விலக்கும் என்பது. வாயுவா வளியா என்னும் வழக்கு நெடுநாள் நடந்தது. இரண்டில் எதனைக் கொண்டாலும் மாணவனின் கருத்து மாறுவதில்லை. ஐரோப்பிய மொழிகளிலும் இதற்குரிய சொல் பதினேழாம் நூற்றாண்டில் வான் எல்மோன்ட்டு என்பார் கிரேக்கச் சொல் ஒன்றினைத் தழுவிப் புனைந்ததே. 'ஆக்சிசன்' என்னும் பெயரின் பொருள் 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்பதாகும். எல்லா அமிலங்களிலும் அது உண்டு என இலவாய்சியர் கருதினார். அக்கருத்துப் பிழையென 1810ஆம் ஆண்டளவில் தேவியின் ஆய்வுகள் காட்டின, பெயரோ நிலைத்துவிட்டது. நோக்குங்கால், உயிர்வளி என்னும் நம் சொல் அப்பிழையிலிருந்து தப்பியது எனலாம். எனவே சொல்லின் பிறப்பு அதன் தகுதியை முடிவுசெய்வதில்லை, வரையறையே முடிவுசெய்கிறது.

ஒரு சொல், மூன்று நிலம்

வரையறையைப் புறக்கணித்ததன் விளைவை 'நிறை' என்னும் சொல்லிற் காணலாம். நியூட்டன் 1687இல் வெளியிட்ட நூலில், பொருளின் அளவு வேறு, அதனை நிலம் ஈர்க்கும் விசை வேறு எனப் பிரித்தார். இப்பிரிவு மக்கள் வழக்கில் எம்மொழியிலும் இருந்ததில்லை. சந்தையில் நிறுப்பவனுக்கு இரண்டும் ஒன்றே. எடை, நிறை, கனம், பாரம் எனத் தமிழில் உள்ளவை அனைத்தும் ஒரு கருத்தின் பல பெயர்கள். ஆகவே கலைச்சொல் ஆக்கியோர், ஒருபொருட் பன்மொழிகளுள் ஒன்றை ஒரு கருத்திற்கும் மற்றொன்றைப் பிறிதொரு கருத்திற்கும் பங்கிட வேண்டியவராயினர்.

பங்கீடு மூன்று நிலங்களில் மூன்று விதமாக நிகழ்ந்தது. தமிழகப் பாடநூல்கள் பொருளின் அளவை 'நிறை' என்றும், ஈர்ப்பு விசையை 'எடை' என்றும் வழங்கின. இலங்கைப் பாடநூல்கள் முன்னதைத் 'திணிவு' என்றும், பின்னதை 'நிறை' என்றும் வழங்கின. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் முன்னது 'பொருண்மை' எனவும், பின்னது 'எடை' எனவும் வழங்குகின்றன. இப்போது ஒரு தொடரைக் கருதுவோம்: 'ஒரு பொருளின் நிறை நிலவில் ஆறில் ஒரு பங்காகக் குறையும்.' இத்தொடர் யாழ்ப்பாணத்தில் சரி, சென்னையில் பிழை. 'ஒரு பொருளின் நிறை எவ்விடத்தும் மாறாது' என்னும் தொடர் சென்னையில் சரி, யாழ்ப்பாணத்தில் பிழை. இரண்டும் நல்ல தமிழ். இரண்டும் அச்சேறிய பாடநூற்றமிழ். நம் ஆசிரியர் இரு நாட்டு நூல்களையும் துணைநூல்களாகக் கொள்கின்றனர். அவற்றிலிருந்து குறிப்பெடுத்துக் கற்பிக்கும்பொழுது இம்முரண் அவர் அறியாமலே வகுப்பறைக்குள் புகுந்துவிடும்.

வேறு சொற்களிலும் இவ்வேற்றுமை உண்டு. தமிழகத்தின் தனிமம் இலங்கையில் மூலகம். சேர்மம் அங்குச் சேர்வை. இவை பெயரளவில் வேறுபட்டவை. ஒன்றை மற்றொன்றாகக் கொண்டு மயங்க இடமில்லை. அறிமுகமற்ற சொல் மாணவனை நிறுத்திக் கேட்கவைக்கும். அறிமுகமான சொல் வேறு கருத்தைத் தாங்கி வரும்பொழுதோ அவன் நின்று கேட்பதில்லை. புரிந்துகொண்டதாகவே எண்ணிக் கடந்துசெல்வான். 'நிறை' போன்ற சொற்களின் இடர் இதுவே.

'பொருண்மை' என்னும் நம் சொல்லும் இதற்கு விலக்கன்று. மொழியியலில் பொருண்மை என்பது சொல்லின் கருத்து. பொருண்மையியல் அது பற்றிய துறை. இந்தியவியல் மாணவர் அச்சொல்லை அக்கருத்திலேயே அறிவர். ஆரம்பப்பள்ளியில் அதே சொல்லைக் கிலோகிராமில் அளக்கக் கற்பிக்கின்றோம். ஆயினும் இச்சொல்லிற்கு ஒரு நன்மை உண்டு. அன்றாட வழக்கில் எடையைக் குறிக்கப் பொருண்மை என எவரும் கூறுவதில்லை. ஆதலின் நிறை என்பதற்கு நேர்ந்த மயக்கம் இதற்கு நேரவில்லை. துறை வேறாகையால் மொழியியற் பொருளும் இடையில் வந்து குழப்புவதில்லை.

மலேசியச் சூழல்

நம் நாட்டில் இச்சிக்கலுக்கு மேலும் ஒரு பரிமாணம் உண்டு. தமிழ்ப்பள்ளிக் கல்வி ஆறாம் ஆண்டோடு நிறைவுறுகிறது. இடைநிலைப்பள்ளியில் அதே மாணவன் பருப்பொருளை 'ஜிரிம்' எனவும், பொருண்மையை 'ஜிசிம்' எனவும் மலாய்மொழியில் கற்கிறான். இவ்விரண்டும் அரபுமொழியினின்று மலாய்க்கு வந்தவை. அரபில் இரண்டும் உடல் அல்லது உருவுடைய பொருள் என்னும் கருத்தினவே. நெருங்கிய கருத்துடைய இரு சொற்களைப் பங்கிட்டுக் கொள்ளும் வழியையே மலாய்மொழியும் மேற்கொண்டது என்பது இதனால் விளங்கும். தமிழுக்கு நேர்ந்தது தமிழின் குறையன்று. புதிய கருத்தை ஏற்கும் எம்மொழியும் கடக்க வேண்டிய படிநிலை அது.

2003ஆம் ஆண்டில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலவழி கற்பிக்கப்படத் தொடங்கியபொழுது தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு உட்பட்டன. 2009இல் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டு, 2011 முதல் படிப்படியாகப் பழைய நிலைக்குத் திரும்பும் பணி தொடங்கிற்று. 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் அறிமுகமாயிற்று. சிங்கப்பூரிலோ 1987ஆம் ஆண்டு முதல் அனைத்துப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி. தமிழ் தாய்மொழிப் பாடமாக நிற்கிறது. கற்பிக்கும் மொழி மாறும்பொழுதெல்லாம் கலைச்சொற் பயிற்சியின் தொடர்ச்சி அறுபடுகிறது. ஆங்கிலத்தில் அறிவியல் கற்ற மாணவர் பின்னாளில் ஆசிரியராகித் தமிழில் அறிவியல் கற்பிக்க நேரும்பொழுது, சொற்பட்டியல் அவர் கையில் இருக்கலாம். அச்சொற்கள் எவ்வெல்லைக்குள் நிற்பவை என்னும் தெளிவு பட்டியலில் இருப்பதில்லை. மானிப்பாயில் நாம் கண்டதும் இதனை ஒத்ததே. சொல்லை ஆக்குவதினும் அதனைத் தொடர்ந்து வழங்கும் தலைமுறையை ஆக்குவதே அரிது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றிலிருந்து சில கருத்துகளைத் தொகுத்துரைக்கலாம். பொருள், பண்பு, தொழில் என்னும் பாகுபாடு தமிழிலக்கணத்தில் வேரூன்றியது. வேதியியலின் முதற்பாடத்தை அதன்மேல் அமைக்கலாம். பூதம், அணு ஆகிய பழைய கருத்துகளைப் புதிய அறிவியலோடு ஒன்றெனக் காட்டுவது இரண்டிற்கும் நீதி செய்வதாகாது. இரண்டும் எவ்வினாவிற்கு விடையாக எழுந்தன எனக் காட்டுவதே வரலாற்று முறையாகும். கலைச்சொல்லின் தகுதி அதன் பிறப்பில் இல்லை. அதன் எல்லை எவ்வளவு தெளிவாக வகுக்கப்பட்டுள்ளது என்பதில் உள்ளது.

தமிழுலகம் முழுவதும் ஒரே கலைச்சொல் வழங்க வேண்டும் என்னும் வேண்டுகோள் மாநாடுதோறும் எழுவது. அது நல்விருப்பம்; ஆனால் மூன்று அரசுகளின் பாடத்திட்டங்களையும் தேர்வுமுறைகளையும் மாற்றி அதனை நிறைவேற்றுவது எளிதன்று. அதனினும் எளியதும் உடனடியாகச் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. ஆசிரியர் பயிற்சியில், ஒவ்வோர் அடிப்படைக் கருத்திற்கும் தமிழகம், இலங்கை, மலேசியா ஆகிய மூன்று வழக்குகளையும் மலாய்ச் சொல்லையும் ஒரு வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றின் எல்லையையும் ஒரு தொடரால் விளக்கும் ஒப்பீட்டு அட்டவணை ஒன்றினைப் பயன்படுத்தலாம். பருப்பொருள், பொருண்மை, எடை, கன அளவு, அடர்த்தி, தனிமம், சேர்மம், கலவை என முதற்பாடத்திற்கு வேண்டுவன மிகச் சிலவே. அறிவியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் ஓரிடத்தில் அமர்ந்து செய்யத்தக்க பணி இது. அறிவியல் ஆசிரியர் கருத்தின் எல்லையைக் காப்பார். தமிழாசிரியர் சொல்லின் வரலாற்றைக் காப்பார். இருவரும் கூடினால், நிறை என்னும் சொல்லை இரு நூல்களில் இரு பொருளில் காணும் மாணவன் அதனைத் தமிழின் வறுமையெனக் கொள்ளமாட்டான். சொல்லை வரையறுத்துக்கொண்டே அறிவியல் பேச வேண்டும் என்னும் முதற்பாடத்தை அவ்விடத்திலேயே கற்றுக்கொள்வான்.